நாவைக் கட்டிவிட்டுக் காவல் தேடுவோர்

2012-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் இந்தியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 அகவை நிரம்பாத பிள்ளைகளை, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றிப் பாலியல் குற்றங்களினின்றும் காத்தற்கென இயற்றப்பெற்ற சட்டம் அது. அதன் பெயர் இன்று தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் அடிபடுகின்றது. எந்தப் பெயர்? 'போக்சோ' என்னும் பெயர். ஆங்கிலத் தொடர் ஒன்றன் தலையெழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த வெற்றொலி அது. காவலரும் அதையே சொல்கின்றனர். செய்தித்தாளும் அதையே அச்சிடுகின்றது. ஆசிரியரும் அதையே சொல்லி மாணவரை அச்சுறுத்துகின்றார். எந்தப் பிள்ளையைக் காக்க அச்சட்டம் பிறந்ததோ, அந்தப் பிள்ளைக்கு மட்டும் அதன் பொருள் தெரியாது.

ஆயினும் அச்சட்டத்தினுள் போற்றத்தக்க நெறி ஒன்று உண்டு. தீங்குற்ற பிள்ளையின் வாய்மொழியை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ கேட்டல் வேண்டும்; கேட்பவர் கூடியவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலராயிருத்தல் வேண்டும்; அவர் சீருடையில் வருதல் கூடாது; பெற்றோரோ, பிள்ளை நம்பும் வேறொருவரோ உடனிருக்க, பிள்ளை சொன்னதைச் சொன்னவாறே எழுதுதல் வேண்டும். சொன்னவாறே! அலுவலரின் நடையிலன்று, வழக்கறிஞரின் நடையிலன்று, பிள்ளையின் சொல்லிலேயே எழுதுக என்கின்றது சட்டம்.

அந்தச் சொல் எங்கே? தமிழ்ப்பிள்ளையின் நாவில் அதை வைத்தவர் யார்?

நகரத்துத் தமிழ்வீடுகளிற் புகுந்து பார்ப்பவர்க்கு விடை கிடைக்கும். இரண்டு அகவைக் குழந்தைக்குக் கண் எது, காது எது, மூக்கு எது என்று தாய் கேட்கின்றாள். குழந்தை தொட்டுக் காட்டுகின்றது. தொடைக்கு மேலே வந்ததும் தமிழ் நின்றுவிடுகின்றது. அங்கே 'சேம் சேம்' என்கின்றாள் தாய். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மானக்கேடு என்பது பொருள். தன் உடலின் ஓர் உறுப்புக்கு மானக்கேடு என்றே பெயர் என்று கற்ற பிள்ளை, அவ்வுறுப்பைக் கயவன் ஒருவன் தொட்டான் என்பதை யாரிடம், எந்த வாயால் சொல்லும்? மானக்கேடு நேர்ந்தது தனக்கே என்றன்றோ அது எண்ணும்? ஊர்ப்புறத்து வீடுகளில் ஆங்கிலம் இல்லை. அங்கே 'அது', 'அங்கே', 'கீழே' என்னும் சுட்டுச் சொற்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. பெயரில்லாப் பொருள்பற்றி முறையீடு எழுத இயலுமா?

பெயர் இல்லாமல் இல்லை. ஆண்குறி, பெண்குறி, கருப்பை, பூப்பு என்னும் சொற்கள் எல்லாம் மாசற்ற தமிழே. மருத்துவர் வாயில் அவை நாறுவதில்லை. பிள்ளையின் வாயில் மட்டும் நாறும் என்பது எவ்வகை அறிவு?

செய்தித்தாள்களின் சொற்களைப் பார்ப்போம் எனின், அங்கு வடமொழி கோலோச்சுகின்றது. 'பலாத்காரம்', 'மானபங்கம்', 'ஆபாசம்', 'அந்தரங்கம்', 'சில்மிசம்' - இவையெல்லாம் குற்றத்தைக் காட்டும் சொற்களா, குற்றத்தை மூடும் போர்வைகளா? பள்ளிச் சிறுமியின் உடலைத் தொட்ட கயவனின் செயலைச் 'சில்மிசம்' என்று எழுதும்போது, அது ஏதோ விளையாட்டுக் குறும்பு என்னும் எண்ணம் படிப்பவர்க்கு வருகின்றது. இக்குற்றங்களுக்குத் தண்டம் வகுக்கும் நடுவணரசின் பொதுச் சட்டமும் 2024 சூலை 1 முதல் 'பாரதிய நியாய சன்கிதா' என்னும் பெயர் பூண்டு நிற்கின்றது. முன்பு ஆங்கிலத்தில் விளங்காதது இன்று வடமொழியில் விளங்காமற் போயிற்று, மாற்றம் அவ்வளவே.

ஆனால் தனித்தமிழ்ப் பற்றாளர் இவ்விடத்தே ஒரு கசப்பை விழுங்குதல் வேண்டும். 'கற்பழிப்பு' என்பது தூய தமிழ்ச்சொல். தூய்மையால் அதற்குப் பெருமை வந்துவிடவில்லை. கற்பு என்பது கல் என்னும் வேரிற் பிறந்து, கற்ற ஒழுக்கத்தைக் குறித்த சொல் என்பர். ஒருவர் கற்ற ஒழுக்கத்தை மற்றொருவர் வந்து அழித்தல் எங்ஙனம்? அழிவது அழிப்பவனுடைய ஒழுக்கமேயன்றி அழிக்கப்பட்டவளுடையது அன்று. அவ்வொரு சொல் எத்தனை சிறுமியரை வாய்மூடச் செய்தது, எத்தனை பேரைக் கிணற்றடிக்கு அனுப்பியது என்பதைக் கணக்கிட்டவர் இலர். வன்புணர்ச்சி, பாலியல் வன்கொடுமை என்னும் சொற்கள் இன்று பெருகி வருகின்றன. அவை குற்றத்தைக் குற்றவாளியின் தலையில் வைக்கின்றன. தமிழ்மேடைகளிற் கண்ணகியைப் போற்றி முழங்கிவிட்டு அடுத்த நாள் 'கற்பிழந்த பெண்' என்று பேசும் நாவலர்கள் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இனிப் பண்பாட்டுக் காவலர்களிடம் வருவோம். பள்ளியிற் பாலியல் கல்வியா? தமிழ்ப் பண்பாட்டிற்கு அடுக்குமா? பிள்ளைகள் கெட்டுப் போவார்களே! என்று கூக்குரலிடுவோர் எல்லாக் கட்சியிலும் உளர். இவர்களுள் பெரும்பாலோர் வீட்டில் நடப்பதைச் சற்றே காண்க. மகள் பூப்பெய்தினால் தெருமுனையில் வண்ணத்தட்டி எழுகின்றது. அதிலே அச்சிறுமியின் ஆளுயரப் படம், சுற்றிலும் சிற்றப்பன் பெரியப்பன் படங்கள், ஒலிபெருக்கி முழங்குகின்றது, தாய்மாமன் சீர்வரிசை ஊர்வலமாக வருகின்றது. ஓர் ஊரே அவளுடைய உடலிற் குருதி வந்ததை விருந்துண்டு கொண்டாடுகின்றது. அக்குருதி ஏன் வந்தது, அது நோயா நலமா, இனி அவள் உடலில் என்னென்ன நிகழும், யார் அவளை எவ்வாறு நெருங்கக்கூடும் என்று அவளிடம் ஒரு சொல் சொன்னவர் அப்பந்தலில் ஒருவரும் இலர்! ஊருக்கு முரசறைந்தது பண்பாடாம். அவள் காதிற் சொல்வது பண்பாட்டுக் கேடாம். உடன்பிறந்தவனுக்கோ அந்த முரசும் இல்லை. அவனுக்குக் குரல் உடைகின்றது, மீசை அரும்புகின்றது. அவற்றின் பொருளை அவன் கைப்பேசியில் ஓடும் இழிபடங்களிடமிருந்து கற்றுக்கொள்கின்றான்.

எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடம் இருக்கின்றது. இருந்து என்ன? அப்பாடம் வரும் நாளில் 'வீட்டிற் படித்துக்கொள்க' என்று சொல்லி ஏட்டைப் புரட்டிவிடும் ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் உளர். வீடோ பள்ளியிற் சொல்லித் தருவார்கள் என்று காத்திருக்கின்றது. இரண்டு கதவுக்கும் இடையே நிற்கும் பிள்ளைக்குக் கயவன் ஒருவனே ஆசிரியனாக வாய்க்கின்றான்.

பண்பாடு பண்பாடு என்கின்றார்களே, அப்பண்பாட்டின் மூத்த நூல் என்ன சொல்கின்றது? தொல்காப்பியர் அகவொழுக்கத்தை ஏழாகப் பகுத்தார். நடுவே ஒத்த அன்பின் ஐந்திணை. அதன் ஒரு பக்கம் கைக்கிளை, மறுபக்கம் பெருந்திணை. கைக்கிளைக்கு அவர் காட்டும் குறிப்பு யாது? காமத்திற்கு உரிய பருவம் எய்தாத இளையவள் ஒருத்தியிடம் ஒருவன் தன் வேட்கையைச் சொல்லுகின்றான். அவளிடமிருந்து மறுமொழி இல்லை. மறுமொழி இன்மையையும் பொருட்படுத்தாது தானே பேசித் தானே இன்புறுகின்றான். இதுவே அந்நூல் கூறும் கைக்கிளைக் குறிப்பு. பெருந்திணையோ வரம்பு கடந்த காமத்தின் வன்மையையும் உள்ளடக்கியது. இவ்விரண்டையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார் அப்பெருமகனார்.

இதனினும் தெளிவான பாடம் இன்றைய வளரிளம் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கும்? ஒத்த அகவை, ஒத்த உள்ளம், இருவரின் இசைவு - இவை இருந்தால் அன்பு. பருவம் எய்தாத பிள்ளையிடம் வளர்ந்தவன் காட்டும் வேட்கை அன்பன்று. மறுமொழி இன்மை இசைவு ஆகாது. வலிந்து கொள்வது காதல் ஆகாது. பழந்தமிழர் தவறே இழைக்காத தேவர்கள் என்று இதனாற் கூறவேண்டுவதில்லை. இலக்கணம் வகுத்ததனாலேயே இழிசெயல் ஒழிந்துவிடாது. ஆனால் வேறுபாட்டை அறிந்திருந்தனர்; அறிந்ததற்குப் பெயரும் இட்டனர். இன்றைய தமிழ்த் திரைப்படமோ கைக்கிளையை எடுத்து ஐந்திணை என்று விற்கின்றது. விரும்பாத பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்து, பேருந்தில் ஏறி, பாட்டுப் பாடி, இறுதியில் அவளை இணங்க வைப்பவனே அங்குத் தலைவன். அப்படத்தைப் பார்த்து வளர்ந்தவன் மறுப்பைப் பொறுக்கமாட்டான். 2012-இல் காரைக்காலில் ஓர் இளம் பெண்பொறியாளர், ஒருவனுடைய விருப்பத்தை மறுத்தார் என்பதற்காக எரிக்கும் காடிநீர் அவர்மேல் வீசப்பட்டது. 2013-இல் அவர் உயிர்துறந்தார். பண்பாட்டுக் காவலர்கள் அந்தத் திரைப்படங்களுக்கு எதிராக ஒருநாளும் கொடி பிடித்ததில்லை.

திருக்குறளுக்கு நேர்ந்ததும் இதுவே. 2016-இல் உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிகளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் கற்பிக்கப் பணித்தது. நன்று. மூன்றாம் பால் வாயிலுக்கு வெளியே நின்றது. ஒருவரையொருவர் மதிக்கும் காதல் எத்தகையது என்று வள்ளுவர் 25 அதிகாரங்களிற் பேசியதை மறைத்துவிட்டு, 'காதல் என்றால் என்ன' என்னும் வினாவோடு பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பினால் தெரு என்ன கற்பிக்கும்?

பண்பாட்டின் பெயரால் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்தல் நேற்று இன்று தொடங்கியதன்று. 1890-இல் வங்கத்தில் புல்மணி என்னும் சிறுமி, 10 அல்லது 11 அகவையினள், கணவனின் வன்செயலால் இறந்த வழக்கு நாட்டை உலுக்கியது. இசைவு அகவையை 10-இலிருந்து 12 ஆக உயர்த்த 1891-இல் வெள்ளையர் அரசு சட்டம் கொணர்ந்தது. இரண்டே ஆண்டு உயர்வு! அதற்கே சமயம் அழிந்தது என்று திலகர் முழங்கினார். 1927-இல் முத்துலட்சுமி அம்மையார், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றில் தீர்மானம் கொணர்ந்தபோது, மரபு போய்விடும் என்று எதிர்த்து நின்றார் சத்தியமூர்த்தி. அம்மரபில் அகப்பட்ட பெண்களின் உள்ளத்தை அறிந்த மூவலூர் இராமாமிருதம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினமே எழுதி எச்சரித்தார். சட்டம் முழுமையாக வந்தது 1947-இல். இருபது ஆண்டு! அந்த இருபது ஆண்டில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியர்க்கு மரபு என்ன ஈடு கொடுத்தது?

அதே குரல் 2007-இலும் எழுந்தது. வளரிளம் பருவக் கல்வியைப் பள்ளிகளிற் புகுத்த நடுவணரசு முயன்றபோது மராட்டியம், கருநாடகம், குசராத்து முதலிய மாநிலங்கள் கதவடைத்தன. 2009-இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவைக் குழு பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டா என்று பரிந்துரைத்தது. வியப்பு என்னவெனின், அதே 2007-ஆம் ஆண்டிலேதான் நடுவணரசின் பெண்கள் குழந்தைகள் நலத்துறை 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தி முடிவை வெளியிட்டிருந்தது. நூற்றுக்கு 53 பேர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்குக்கு ஆட்பட்டிருந்தனர். பெரும்பாலோர் அதை எவரிடமும் சொன்னதில்லை. ஏறத்தாழப் பாதித் தீங்கு, பிள்ளை அறிந்தவராலும் நம்பியவராலுமே இழைக்கப்பட்டிருந்தது. காவல் நிலையங்களில் பின்னாளிற் பதிவாகிவரும் வழக்குகளிலோ, குற்றவாளி பிள்ளைக்குத் தெரிந்தவனாயிருப்பது நூற்றுக்குத் தொண்ணூறையும் கடந்து நிற்கின்றது. இன்னுமொன்று: அவ்வாய்விலே தீங்குற்றோருள் பாதிக்குச் சற்று மேற்பட்டவர் ஆண்பிள்ளைகள். 'ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்' என்று மீசை முறுக்கும் தந்தையர் இதை இருமுறை படிக்க. அழக்கூடாது என்று கற்பிக்கப்பட்ட பையன், அழவேண்டிய நேரத்திலும் வாய்மூடிக் கிடக்கின்றான்.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுவிடுவர் என்பதற்கு உலகெங்கும் சான்று தேடியாயிற்று; கிடைக்கவில்லை. ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, இக்கல்வி பெற்ற இளையோர் உறவில் விரைந்து இறங்குவதில்லை, காலந்தாழ்த்தவே செய்கின்றனர் என்று காட்டியது. அறிந்தவன் நின்று நிதானிக்கின்றான். அறியாதவன் தடுக்கி விழுகின்றான்.

கயவன் பிள்ளையைக் கவரும் வழி மிகவும் பழையது. முகமூடியிட்டுக் கத்தியோடு வருபவன் அரியவன். பெரும்பாலும் அவன் புன்னகையோடு வருவான். 'உன்னைப்போல் அறிவுள்ள பிள்ளை இல்லை' என்பான். வீட்டில் யாரும் உன்னை மதிப்பதில்லை, நான் ஒருவனே மதிக்கின்றேன் என்பான். சிறு அன்பளிப்பு தருவான். பிறகு சற்றுப் பெரிது. மெல்ல மெல்ல நண்பரிடமிருந்தும் தாயிடமிருந்தும் பிரிப்பான். பின்பு ஒரு கமுக்கத்தை உருவாக்குவான்: 'இது உனக்கும் எனக்கும் மட்டும்.' அந்த ஒரு தொடரே அபாயமணி என்பதைப் பிள்ளைக்கு யார் கற்பித்தார்? ஒரு படம் கேட்பான். படம் கைக்கு வந்ததும் அன்பு அவிழ்ந்து விழும். மிரட்டல் எழுந்து நிற்கும்.

பொள்ளாச்சியில் நிகழ்ந்தது இதுவே. 2019 பிப்பிரவரியில் ஓர் இளம்பெண் துணிந்து முறையீடு கொடுத்ததனால் வெளிவந்தது அக்கொடுமை. முகநூல் வழி நட்புப் பேச்சு, நம்பவைத்து ஊர்தியில் அழைத்துச் செல்லல், வன்கொடுமை, அதைப் படம்பிடித்தல், அப்படத்தைக் காட்டிப் பணமும் இணக்கமும் பறித்தல். முறையீடு கொடுத்தவரின் பெயரையே காவல்துறை வெளியே விட்டது. எவ்வளவு அழகிய காவல்! ஆயினும் பெண்கள் சான்று கூறினர், பிறழவில்லை. 2025 மே 13-ஆம் நாள் கோவை மகளிர் அறமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. ஆறு ஆண்டுக்கு மேல் அப்பெண்கள் தாங்கி நின்றனர். அவர்களுக்கு முன்னே அகப்பட்டு, 'வெளியே தெரிந்தால் மானம் போகும்' என்று ஊமையாகிப் போனவர் இருப்பின், அவர்களை ஊமையாக்கியது அவ்வொன்பது பேர் மட்டுமல்லர்.

சொல்லை வைத்துக் கொள்ளையடிக்கும் இன்னொரு முறைக்குக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதிகளின் நூற்பாலைகள் சான்று. 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். வறிய குடும்பத்து இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் 30,000 அல்லது 50,000 உருபா திருமணத்திற்காகத் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு. வெளியே போக உரிமையில்லை. வீட்டாரோடு பேசுதற்கும் கட்டுப்பாடு. நோயுற்று இடையில் நின்றால் பணம் இல்லை. மேற்பார்வையாளனின் கை நீண்டாலும் சொல்வதற்கு ஆளில்லை. மூன்றாண்டு அடைப்புக் கூலி என்று தமிழில் வெளிப்படையாகப் பெயரிட்டிருந்தால் எந்தத் தாய் மகளை அனுப்பியிருப்பாள்? மஞ்சளும் குங்குமமும் மணக்கும் வடசொல் ஒன்றைச் சூட்டியதனால், கொத்தடிமை மங்கலமாயிற்று.

இவ்விடத்தில் எதிர்ப்புறத் தவற்றையும் சுட்டாமல் விடுதல் நேர்மையன்று. பிள்ளைகளைக் காக்கும் சட்டத்தைச் சாதி காக்கும் அரிவாளாக்கிக் கொண்ட பெற்றோரும் உளர். 17 அகவைப் பெண்ணும் 19 அகவைப் பையனும் ஒருவரையொருவர் விரும்பினால், பையன் வேறு சாதியினன் எனின், வன்புணர்ச்சி என்று முறையீடு பாய்கின்றது. சென்னை உயர் அறமன்றம் 2021-இல் அத்தகைய ஒரு வழக்கை நீக்கி, இளம்பருவக் காதலர்களைச் சிறையில் அடைப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று கூறியது. சட்டத்திற்கும் அடங்காதவர் 2016 மார்ச்சு 13-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தனர். பிள்ளைக்குக் காதலைப்பற்றி ஒரு சொல்லும் கற்பிக்காதவர், அது வந்தபோது மட்டும் கூரிய மறுமொழி வைத்திருக்கின்றனர். அன்பு எது, சுரண்டல் எது என்னும் பாடம் பிள்ளையினும் பெற்றோர்க்கே முந்தித் தேவை போலும்.

பாடம் எங்கே தொடங்கல் வேண்டும்? கண், காது கற்கும் அகவையிலேயே எல்லா உறுப்புக்கும் பெயர், தமிழிலே. பள்ளி புகுமுன், 'உன் உடல் உன்னுடையது. மாமனே ஆயினும் ஆசிரியரே ஆயினும் வேண்டா என்று சொல்லலாம்' என்னும் துணிவு. 'மாமாவுக்கு முத்தம் கொடு' என்று அழும் குழந்தையைத் தள்ளிவிடும் பழக்கம் இந்த ஒரு பாடத்தாலேயே நின்றுபோகும். பூப்புக்கும் மீசைக்கும் முன்னரே, 10 அகவையளவில், உடல் மாறப் போகும் செய்தி. அதுவும் ஈசுட்ரோசன், டெசுடோசுடீரோன் என்று வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பதாக அன்றி, பிள்ளைக்கு விளங்கும் சொல்லில். 14-இல், கைக்கிளையும் ஐந்திணையும். தமிழாசிரியர் இவற்றை எதற்கோ அஞ்சி மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்டார். அவரே இப்பாடத்திற்கு இயல்பான ஆசிரியர். அறிவியலாசிரியர் உடலைச் சொல்லட்டும். உறவைச் சொல்லும் நூல் தமிழாசிரியரின் கையில் அன்றோ இருக்கின்றது?

சொல்லக் கற்ற பிள்ளைக்குக் கேட்க ஆளும் வேண்டும். பள்ளியில் குற்றம் நடந்ததை அறிந்தும் 'பள்ளியின் பெயர் கெடும்' என்று மறைக்கும் தலைவர்க்கு அச்சட்டத்திலேயே ஓராண்டு வரை சிறை உண்டு. மறைத்தல் நற்பெயர் காத்தல் அன்று, தனிக் குற்றம். இச்செய்தி ஒவ்வோர் ஆசிரியர் அறைச் சுவரிலும் தமிழில் ஒட்டப்படல் வேண்டும்.

தமிழ்க்கழகங்கள் ஊர்தோறும் கோடை விடுமுறையிற் பிள்ளைகளுக்குத் தூயதமிழ்ப் பயிற்சி நடத்துகின்றன. தேநீர், பேருந்து, மிதிவண்டி என்று சொல் மாற்றிக் கொடுக்கின்றன, மகிழ்ச்சியே. வரும் கோடையில் அப்பட்டியலில் இருபது சொற்கள் சேரட்டும்: உறுப்புகளின் பெயர்கள், இசைவு, மறுப்பு, மிரட்டல், பாலியல் தீங்கு, முறையீடு. பெற்றோரையும் உடன் அமர்த்திச் சொல்லிக் கொடுக்கட்டும். அந்த இருபது சொற்களோடு 1098 என்னும் எண்ணையும் பிள்ளை மனப்பாடம் செய்யட்டும். இடருற்ற பிள்ளைகள் கட்டணமின்றி அழைக்கும் எண் அது. அழைத்தால் மறுமுனையில் ஒருவர் எடுத்து, என்ன நடந்தது என்று கேட்பார்.